தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு: நடந்து வந்தவர்களும் நடக்கப் போகிறவர்களும்

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: இளையவர்களும் பெரியவர்களுமாக முப்பது பேர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடக்கப் போகிறோம், தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த நம் முன்னோர் அந்த வழியில் எப்படி வந்தார்கள், எதனால் அத்தனை பேர் வழியில் இறந்தார்கள், இன்று நாங்கள் எதற்கு அஞ்ச வேண்டும்?

தம்பி, மூன்று கேள்விக்கும் விடை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. முதலில் தண்ணீர், அதற்கு அடுத்தபடியாக, கூட்டம் எந்த ஒழுங்கில் நடந்தது என்பது. மேடைகளில் நாம் அதிகம் கேட்கும் யானையும் கரடியும் சிறுத்தையும் இவற்றுக்குப் பின்னால்தான் வரும். காட்டுவழியில் மிருகத்துக்குப் பலியானவர்கள் இருந்திருக்கத்தான் செய்வார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் மனிதரைக் கொன்றது மிருகம் அன்று.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து புறப்பட்டவர்கள் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் போன்ற கரைகளுக்கு நடந்தே வந்து, தோணி ஏறி, தலைமன்னாரிலோ மன்னார்க் கரையின் வேறு துறைகளிலோ இறங்கினார்கள். அங்கிருந்து மன்னார்த் தீவைக் கடந்து, முருங்கன், மதவாச்சி, மிகிந்தலைப் பக்கம், தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தது வடபாதை. புத்தளம், குருநாகல் வழியாக வந்தவர்களும் உண்டு. இன்றைய வீதிக் கணக்கில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஏறக்குறைய 240 கிலோமீற்றர். 1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்து, பிளேக் நோய்க்கு அஞ்சி அரசாங்கம் 1899இல் இந்த வழியை மூடும் வரை, முக்கால் நூற்றாண்டாக நம்மவர்கள் நடந்த வழி இது. கண்டிக்கு 1867இலும் மாத்தளைக்கு 1880இலும் ரயில் வந்துவிட்டது என்றாலும், மன்னாரிலிருந்து மாத்தளை வரையிலான பகுதிக்கு அந்த ரயில்களால் எந்தப் பயனும் இருக்கவில்லை. அதைக் கால்களால்தான் கடக்க வேண்டியிருந்தது.

இனி, கூட்டம் எப்படி அமைந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கங்காணி தன் ஊரிலும் அண்டை ஊர்களிலும் உறவுக்காரர், சாதிக்காரர், கடன்பட்டவர் என்று ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, அந்தக் கூட்டத்துக்குத் தானே தலைவனாக நடந்து வந்தான். கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களும் பிள்ளைகளும் குடும்பம் குடும்பமாக வந்தது தேயிலை வேரூன்றிய பிறகே மிகுந்தது. வழிச்செலவுக்கான அரிசி, தோணிக் கூலி, பின்னர் தோட்டத்தில் கொடுக்கும் கம்பளி வரை எல்லாமே தொழிலாளியின் கடனாகக் கணக்கில் ஏறின.

கங்காணியைக் கொடியவனாக மட்டும் காட்டுவது எளிது. சிலர் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் அந்த நடையில் நடந்ததைப் புரிந்துகொள்ள அரிசி மூட்டையைப் பார்ப்பது போதும். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மாத்தளை. அந்த நாட்களுக்கு அளந்த அரிசிதான் கூட்டத்தோடு வருகிறது. வழியில் கடை அரிது. கொள்ளைநோய்க்கு அஞ்சிய ஊரார் பாதையை விட்டு ஒதுங்கியே இருந்தார்கள். முப்பது பேர் கொண்ட கூட்டத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டு, அவனுக்காக ஒரு நாள் தங்கினால், முப்பது பேரின் ஒரு நாள் அரிசி தீரும். மறுநாள் இன்னொருவன் விழுவான். இரண்டு மூன்று நாள் இப்படித் தங்கிய கூட்டம் முழுவதும் பட்டினியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே விழுந்தவனை மரத்தடியில் கிடத்தி, சிரட்டையில் தண்ணீரும் ஒரு பிடி அரிசியும் வைத்துவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அந்தச் சிரட்டையைப் பற்றி மாத்தளைப் பக்கத்து முதியவர்கள் பலர் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது அவர்கள் கங்காணியைத் திட்டுவதில்லை. அந்தக் கூட்டத்தில் தங்கள் பாட்டன் எந்தப் பக்கம் நின்றான், கிடந்தவனா விட்டுப் போனவனா என்பது அவர்களுக்குத் தெரியும்: விட்டுப் போனவனின் வழியில் வந்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

தண்ணீரின் கதை இதைவிடக் கொடியது. வன்னியும் நுவரகலாவிய எனப்பட்ட அனுராதபுரப் பகுதியும் ஒரு காலத்தில் குளங்களால் வாழ்ந்த நிலம். நம்மவர்கள் நடந்த காலத்தில் அவற்றில் பெரும்பாலானவை உடைந்து கிடந்தன. முருங்கன் பக்கத்துக் கட்டுக்கரைக் குளம் திருத்தப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்; கலாவெவ 1887இல். மே முதல் செப்டெம்பர் வரை அங்கே மழை மிகக் குறைவு. கோப்பி பழுப்பது ஆண்டின் பிற்பகுதியில் என்பதால், அறுவடைக்கு வந்து சேர வேண்டியவர்கள் மிக வறண்ட மாதங்களில் அந்த நிலத்தைக் கடக்க நேர்ந்தது. வற்றிய குளத்தின் நடுவில் ஒரு குழி, அதில் சேறு கலந்த ஊற்று, அதைத் துணியில் வடித்துச் செம்பில் எடுப்பது: அவர்களுக்குக் கிடைத்த தண்ணீர் இதுதான். வாந்திபேதி (கொலரா) கண்ட ஒருவன் அந்தக் குழியோரம் ஒதுங்கினால் கிருமி தண்ணீரில் கலக்கும். அவனுடைய கூட்டம் எழுந்து போன பிறகு, மறுநாளும் மூன்றாம் நாளும் வரும் கூட்டங்கள் அதே குழியில் குடிக்கும். எல்லோரும் ஒரே பாதையில், ஒரே தங்குமிடத்தில், ஒரே குழியில் தண்ணீர் எடுத்ததால், நோய் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு வரிசை தவறாமல் கைமாறியது. துணியில் வடித்தால் சேறு நிற்கும், கிருமி நிற்காது. கொலரா பிடித்தவன் உடம்பிலுள்ள நீரெல்லாம் போய் ஒரே நாளில்கூட இறந்துவிடுவான். இன்று நம் வீடுகளில் இருக்கும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனிப் பக்கெட்டும் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரும் அவர்களில் பலரைப் பிழைக்க வைத்திருக்கும்.

அடுத்தது மலேரியா. இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. நுளம்பு கடித்து ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள்தான் காய்ச்சல் தொடங்கும். செட்டிகுளம் பக்கத்தில் கடிபட்டவனுக்கு மாத்தளைக்கு வந்த பிறகோ, அதற்கும் மேலே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், படுத்த பிறகோதான் குளிர் நடுக்கம் எடுக்கும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் அதை மலைக்குளிரின் மேல் போட்டார்கள். நம்மவர்கள் ஊர்த் தெய்வத்துக்குச் செய்த குறையின் மேல் போட்டார்கள். நோயை நுளம்பு சுமக்கிறது என்பதை ரொனால்ட் றொஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல். அதற்கு இரண்டு ஆண்டில் வடபாதையே மூடப்பட்டுவிட்டது. அந்த வழியில் நடந்த கிட்டத்தட்ட எல்லோருமே தங்களைக் கொல்வது எது என்று அறியாமல்தான் நடந்தார்கள். அதனால், வழியில் இறந்தவர்கள், தோட்டத்தில் இறந்தவர்கள் என்று பிரித்து எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்தில் முதல் மாதத்தில் இறந்த பலரை அந்தப் பாதையின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

எத்தனை பேர் இறந்தார்கள்? 1841 முதல் 1849 வரையான ஆண்டுகளில் வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர், அதாவது ஏறக்குறைய 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணித்தது. நாம் விழாக்களில் சொல்லும் எண் இதிலிருந்து வந்ததே. உங்கள் துண்டுப்பிரசுரத்தில் இதைப் போடுவதானால் "மதிப்பீடு" என்ற சொல்லைச் சேர்த்துப் போடுங்கள். வந்தவர்களை ஓரளவு எண்ணினார்கள். தங்கியவர்களையும் வேறு துறைமுகங்கள் வழியாகத் திரும்பியவர்களையும் ஒழுங்காகப் பதிந்த ஏடு அக்காலத்தில் இல்லை. எண் குறையலாம், கூடலாம். பிழையான எண்ணை உறுதியாகச் சொல்லிவிட்டுப் பின்னர் ஒருவர் மறுத்தால், நடந்த கொடுமையே மறுக்கப்பட்டது போல ஆகிவிடும்.

உங்கள் நடைக்கு வருகிறேன். 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டானதை "மலையகம் 200" என்று நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த பெரிய நடைபவனி உங்களுக்குத் தெரிந்ததே. அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாமல், நாங்கள் இருபத்திரண்டு பேர் இதே வழியின் ஒரு பகுதியைச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தோம். முருங்கனுக்கும் செட்டிகுளத்துக்கும் நடுவில் நான் செய்த பிழையொன்றைச் சொல்கிறேன். பதாகை பிடித்த இளைஞர்களை முன்னால் விட்டேன். தண்ணீர் ஏற்றிய சிறிய லொறி அவர்களோடு போயிற்று. கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. பதினொரு மணிக்குத் திரும்பிப் பார்த்தால் எங்கள் வரிசை ஒரு மைலுக்கு மேல் நீண்டிருந்தது. கடைசி ஆளைக் காணவில்லை. லொறியைத் திருப்பிக்கொண்டு போனோம். வீதியோரப் பாலை மரத்தடியில், ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளியான ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். வெறும் போத்தலைக் கவிழ்த்து மூடியில் தட்டிக்கொண்டிருந்தார். மூடியில் ஒரு சொட்டு விழுந்தால் அதை நாக்கில் வைத்துக்கொண்டார். முகம் சிவந்து, வேர்வை நின்று, தோல் காய்ந்திருந்தது. "மலையில நெரை புடிச்சு ஏறுனவ நான், இந்தச் சமதரை என்னைய என்ன செய்யும்னு நெனச்சேன் தம்பி" என்றார். அப்படிச் சொன்னதையே இரண்டாம் முறையும் சொன்னார், மூன்றாம் முறையும் சொன்னார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. உடுத்தியிருந்த துணியோடு தண்ணீரை ஊற்றி நனைத்து, விசிறி, அவசர அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழைத்து அம்புலன்சில் வைத்தியசாலைக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். முன்னோரைக் காட்டில் விட்டுப் போனார்கள் என்று காலையில் பிரசங்கம் செய்த நானே, பட்டப்பகலில், தார் வீதியில், ஒருவரை விட்டுப் போயிருக்கிறேன். அரிசிக் கணக்கு எனக்கு இருக்கவில்லை. மன்னாரிலிருந்து வந்த பத்திரிகையாளருக்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கு இருந்தது.

ஆகவே முதல் விதி: மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவருடைய நடைதான் கூட்டத்தின் நடை. இளைஞர்கள் முனகுவார்கள், முனகட்டும். கடைசியில், நன்றாக நடக்கக்கூடிய ஒருவர் முதலுதவிப் பெட்டியோடும் விசிலோடும் வரட்டும். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது. தண்ணீர் வண்டி எப்போதும் அவருக்குப் பின்னால் ஊர்ந்து வர வேண்டும். முன்னால் போகிற தண்ணீர் வண்டி பலமானவனுக்குத்தான் பயன்படும். மணிக்கொரு முறை நின்று எண்ணுங்கள். எங்கே யார் சோர்ந்தாலும் எந்தப் பொதுக்கூட்டத்தையும் எந்த வரவேற்பையும் ரத்துச் செய்யும் அதிகாரம் ஒருவருக்கு இருக்க வேண்டும். அவர் அமைப்பாளராக இல்லாமல், ஒரு தாதியாகவோ முதலுதவி கற்றவராகவோ இருப்பது நல்லது.

இங்கே மலையகத்தவருக்கென்று ஓர் எச்சரிக்கை. பண்டாரவளைக் குளிருக்குப் பழகிய உடம்பு மன்னார் வெயிலுக்குப் பழக ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். மலை ஏறிப் பழகிய கால் இருக்கிறதே என்ற தைரியம் இந்த இடத்தில் உதவாது. முதல் நான்கு நாட்களுக்கு எட்டு முதல் பத்துக் கிலோமீற்றர், பிறகு பதினைந்து, பழகிய பின் சற்றுக் கூட என்று போட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டு, பத்தொன்பது நாள் எடுத்தால் எடுக்கட்டும். காலம் தெரிவு செய்யும் உரிமை உங்களுக்கு இருப்பதால், மாரி மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, இரவு குளிர்ந்திருக்கும் பெப்ரவரியே நல்லது என்பேன்.

குடிநீருக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வையுங்கள். முப்பது பேருக்கு 150 லீற்றர். இருபது லீற்றர்க் கேன் எட்டு. வழியில் தெளிவாகத் தெரியும் கிணற்று நீரைக் கண்டு மயங்க வேண்டாம். மதவாச்சிப் பக்கத்திலும் வடமத்திய மாகாணத்தின் பிற பகுதிகளிலும், காரணம் இன்னும் முழுதாக உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயால் விவசாயக் குடும்பங்கள் பல பாதிக்கப்பட்டிருக்கின்றன. நிலத்தடி நீரின் கடினத் தன்மையும் புளோரைட்டும் சந்தேகத்தில் இருக்கின்றன. சில நாள் குடித்தால் உங்களுக்கு அந்த நோய் வரும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரரே வடிகட்டிய நீரை வாங்கிக் குடிக்கும்போது, நீங்களும் ஊருக்கு ஊர் இருக்கும் அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களில் கேனை நிரப்பிக்கொள்வதே சரி. இருநூறு ஆண்டு கழித்தும் அந்த வழியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இங்கே எந்தத் தண்ணீர் குடிக்கலாம்" என்பதுதான்.

யானை இன்று அன்றைவிட அபாயமானது. காடு சுருங்கி, வயலும் வீடும் யானையின் வழியில் வந்துவிட்டதால், நாட்டில் ஆண்டுதோறும் நூறு பேருக்கு மேல் யானையால் இறக்கிறார்கள். மதவாச்சியிலிருந்து தம்புள்ளை வரை, நன்றாக விடிந்த பிறகே புறப்படுங்கள். காலை பத்தரைக்கு நிறுத்தி, பிற்பகல் மூன்றரைக்கு மறுபடி எழுந்து, ஐந்தரைக்கு முன் கூரைக்குள் போய்விடுங்கள். அன்றைய பகுதியில் யானை நடமாட்டம் எப்படி என்பதை முதல் நாளே கிராம உத்தியோகத்தரிடமோ வனசீவராசிகள் அலுவலகத்திலோ கேட்டால் சொல்வார்கள். இரவில் வெறுந்தரையில் படுக்க வேண்டாம். தரையில் உறங்குபவரைக் கட்டுவிரியன் கடிப்பது வறண்ட வலயத்தில் அறிந்த செய்தி. நுளம்பு வலையை விரிப்பின் கீழ் செருகிக்கொண்டால் இரண்டுக்கும் பாதுகாப்பு.

மன்னார், வவுனியா மாவட்டங்களில் வீதியை விட்டுக் காட்டுக்குள் ஒதுங்காதீர்கள். யுத்தத்தில் புதைத்த மிதிவெடிகளை அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்து, பெரும்பகுதி துப்புரவாகிவிட்டது. இருந்தாலும் மண்டையோட்டுப் படமுள்ள சிவப்புப் பலகை தெரியும் இடத்தில் ஓர் அடியும் எடுத்து வைக்கக்கூடாது. மலசலகூட ஒழுங்கு சரியாக இல்லாவிட்டால் பெண்கள்தான் முதலில் புதருக்குள் போக நேரும். அதனால் பாடசாலை, கோவில், தேவாலயம், விகாரை என்று ஒவ்வொரு ஐந்து கிலோமீற்றருக்கும் ஓரிடத்தை முன்கூட்டியே பேசி வைப்பதை மிதிவெடிப் பாதுகாப்பாகவே எண்ணிச் செய்யுங்கள். சிங்களம் நன்றாகப் பேசுகிற இருவரை முன்னதாக அனுப்புங்கள். மதவாச்சிக்கு அப்பால் நாங்கள் தங்கிய ஊர்களில், ஏன் நடக்கிறோம் என்று சொன்ன பிறகு தேநீர் வராத வீடு இருக்கவில்லை. பொலிஸ் நிலையங்களுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

நாவுலயைத் தாண்டி நாலந்தாப் பக்கம் வரும்போது வீதி ஏறத் தொடங்கும், காற்று மாறும். முன்னோருக்கு அங்கேதான் முதன்முதலாகக் குளிர் எடுத்திருக்கும். உங்களுக்கோ வீட்டுக்கு வந்தது போல இருக்கும், நடை தானாக வேகமாகும். கடைசி நாட்களில்தான் வரிசை மறுபடி நீளும், எண்ணுவதை அங்கே விட்டுவிடாதீர்கள்.

மலேரியா ஒழிக்கப்பட்ட நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை அறிவித்துவிட்டது. டெங்கும், வயல் சேற்றில் தொற்றும் எலிக்காய்ச்சலும் இருக்கின்றன. அவையும் மலேரியாவைப் போலவே நாள் கடந்துதான் வெளிப்படும். வீடு திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் கண்டால், மலைக்குளிர் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுக்காமல், மன்னாரிலிருந்து நடந்து வந்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அதுவரை பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் வேண்டாம். முப்பது பேரின் தொலைபேசி எண்களையும் ஒருவர் வைத்திருந்து, மூன்று வாரம் வரை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்கட்டும்.